புல்வெளியின் வலது ஓரம்

அப்பா சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்ததும் அறைக் காவலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தள்ளி நிற்கும்படி ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருந்தார். நரைத்த மீசைக்காரர் ஒருவர் நானூறு வருஷத்து ஓவியத்தின் மேல் மூக்கு உரசும்படி சாய்ந்துகொண்டு கண்ணில் எதையோ வைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் பதறாது? நான்தான் குறுக்கே போய், இவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர், படம் என்று எதைக் கண்டாலும் இந்தக் கண்ணாடியை வைத்துப் பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது, தொடமாட்டார், நான் பொறுப்பு என்றெல்லாம் சொல்லிச் சமாளித்தேன். காவலர் அரை மனதோடு உட்கார்ந்தார். அப்பா இதில் எதையும் காதில் வாங்கவில்லை.

“புள்ளியே இல்ல பாப்பா” என்றார்.

எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இருந்தும் அவருக்கு நான் பாப்பாதான். அச்சடித்த படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மரமும் மாடும் மனுஷனும் எல்லாமே அந்த நாலு புள்ளிதான். அப்பா ஆயுசு முழுக்க அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பிழைத்தவர். கையால் வரைந்த அசலில் புள்ளி இருக்காது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்து ஆள் இல்லாமல் திரும்புகிறவரைப் போல நின்றார்.

அப்பாவிடம் ஒரு பழக்கம். எந்தப் படத்தையும் தூர நின்று பார்க்கவே மாட்டார். நேரே கிட்டே போவார், இடது மேல் மூலையில் கண்ணாடியை வைப்பார், அங்கிருந்து வரி வாசிக்கிற மாதிரி அங்குலம் அங்குலமாக வலப்பக்கம் நகர்வார். அச்சகத்தில் அவருக்குப் பட்டப் பெயரே பூதக்கண்ணாடி. இங்கேயும் அதேதான். வாசலிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வந்தவர், இடது மூலையில் இருந்த மேகத்தில் போய் நின்றுகொண்டார். நான் அறைக்குள் நுழைந்த உடனேயே பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் இதன் அச்சுப் படத்தைவிட இது நீளம். வலப்பக்கம் எங்கள் வீட்டில் சட்டம் முடிகிற இடத்தில் இது முடியவில்லை. அந்த ஓரத்தில் நிற்பது யார் என்பதையும் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். அவராக வந்து சேரட்டும் என்று ஏன் விட்டேனோ தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்தப் படம் காலண்டராகத்தான் வந்தது. தண்ணீர்ப் பம்பு விற்கிற ஏதோ ஒரு கம்பெனிக்காக அப்பாவின் அச்சகம் அடித்தது. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வருஷம் முடிந்ததும் மற்ற வீடுகளில் காலண்டரைக் கிழித்துப் புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள். அம்மா கீழே இருந்த தேதிகளையும் பம்பையும் மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டு, கூடத்தில் தன் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அழுக்குத் துணிகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து, வார்டு வார்டாக அனுப்பும் பிரிவுக்கு மேற்பார்வை. மேற்பார்வை என்று பேர்தான், ஆள் வராத நாளெல்லாம் தானே தொட்டிக்குள் கையை விட்டுவிடுவாள். சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கிய விரல்களோடு வருவாள். செருப்பைக் கழற்றி, தேநீர் போட்டு, முக்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பாள். டம்ளர் காலியாகும் வரை வீடே இடிந்து விழுந்தாலும் அவளிடம் பேசக் கூடாது. நானும் அப்பாவும் பூனை மாதிரி நடமாடுவோம்.

கோடைகாலப் புல்வெளி. படத்தில் பாதிக்கு மேல் வானம்தான், சுத்தமான நீலம், ஓரத்தில் மட்டும் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி மேகம். கீழே புல் அறுக்கிறார்கள். அறுத்த இடம் ஒரு பச்சை, அறுக்காத இடம் வேறு பச்சை. இரண்டுக்கும் நடுவே போகிற கோடு எங்கே வளைகிறது என்று அம்மாவுக்கு மனப்பாடம். இடப்பக்கம் ஒரு பெரிய மரம், அதன் நிழலில் பாதி ஏற்றிய வண்டி. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறான். அவனுக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமை என்று பேர் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் யாராவது மூட்டை மேல் சாய்ந்தால் எரிந்து விழுகிறவள், இவனை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். “தூங்கட்டும் விடு. எவ்வளவு நேரமா அறுத்தானோ” என்பாள். தூரத்தில் மூன்று பேர் நீளப் பிடி போட்ட அரிவாளை ஒரே மாதிரி வீசுகிறார்கள். நாலாவது ஆள்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. அவன் வேலையை நிறுத்திவிட்டு, அரிவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வலப்பக்கம் திரும்பி எதையோ பார்க்கிறான். அந்தப் பக்கத்தில் ஒன்றுமே கிடையாது. கொஞ்சம் புல், அப்புறம் சட்டம், அப்புறம் சுவர்.

அவன் எதைப் பார்க்கிறான் என்று அம்மா கேட்காத வாரம் இல்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்லுவார். மேஸ்திரி வருகிறாரா என்று பார்க்கிறான். மழை வருமா என்று பார்க்கிறான். நீ இப்படி முறைக்கிறாயே, கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா சிரித்துவிட்டுத் தன் கட்சியிலேயே நிற்பாள்.

“யாரோ கூப்பிட்டிருக்காங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் மனுஷன் இப்படித் திரும்புவான்.”

அவன் பார்க்கிற திசையில், சட்டத்தை ஒட்டி, புல்லில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளுப்பு இருந்தது. அது என்ன என்றும் கேட்பாள். வெயில் என்று அப்பா சொல்லுவார். வெயில் அங்கே மட்டும் ஏன் விழுகிறது என்று அவள் மடக்குவாள். அப்பா குளிக்கப் போய்விடுவார்.

அசல் ஓவியம் இந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பது எங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ரயிலில் அரை நாள் பயணம், அவ்வளவுதான். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா சொன்னது ஒரே பதில்: “அதான் வீட்டுலயே இருக்கே.” தான் அச்சடித்த படத்துக்கும் அசலுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள அவருக்குத் தொழில் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பிறகு எனக்கு இங்கேயே வேலை கிடைத்தது. அம்மா என்னைப் பார்க்க வருவாள், என் அலமாரியை ஒழுங்குபடுத்துவாள், திரைச்சீலையைத் துவைத்துப் போடுவாள், போய்விடுவாள். அடுத்த தடவை போகலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த தடவை வருவதற்குள் கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துவிட்டதாம். வலியே கிடையாது. ஓரங்கள்தான் முதலில் போயின. பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள், கவனக்குறைவு என்று அப்பா திட்டுவார். டாக்டரிடம் போனபோது நடுவில் ஒரு துவாரம் அளவுக்குத்தான் பார்வை மிச்சம் இருந்தது. கடைசியில் அதுவும் மூடிக்கொண்டது. இன்றைக்கும் சாயங்காலம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, படம் இருக்கிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டுதான் தேநீர் குடிக்கிறாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அதனாலேயே நான் ஊருக்குப் போவது குறைந்தது.

அருங்காட்சியகத்தைக் கட்டட வேலைக்காக மூடப்போகிறார்கள், எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது என்று போன வாரம் தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும், அவன் என்னத்தைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று உத்தரவு போட்டாள். நீயும் வாயேன் என்றேன். “நான் வந்து அங்க சுவத்தையா பாக்கப் போறேன்?” என்றாள். சித்தியைத் துணைக்கு வரவழைத்தாள். அப்பா சலவைச் சட்டையும் பூதக்கண்ணாடியுமாக வந்து இறங்கினார். கடைசி நாளில்தான் எனக்கு விடுப்பு கிடைத்தது.

வாசலில் பைகளையும் என் கேமராவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அப்பா மரத்தைக் கடந்து வண்டிக்கு வந்திருந்தார்.

“இந்தப் பச்சையப் பாத்தியா? எவ்வளவு மங்கல்” என்று முணுமுணுத்தார். “பம்புக்காரன் பச்சை பத்தலன்னு குதிச்சான். செவப்பக் கொறச்சு நீலத்த ஏத்திவிட்டேன்.”

உண்மைதான். எங்கள் வீட்டுப் புல் கிளிப்பச்சை. இங்கே இருந்தது தூசி படிந்த, வெயிலில் வாட ஆரம்பித்த, தொட்டால் சொரசொரக்கும் போலிருந்த ஒரு பழுப்புப் பச்சை. அறுத்துப் போட்ட இடத்தில் அது பொன்னிறமாகவே ஆகியிருந்தது. அனல் அடித்தது. எங்கள் படத்தில் எப்போதும் காலை நேரம் என்று நான் நினைத்திருந்தேன். இங்கே உச்சிவெயில். நிழல் எல்லாம் காலடியிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏன் அப்படித் தூங்குகிறான் என்று இப்போதுதான் புரிந்தது. வானம்கூட நீலம் இல்லை, வெக்கையில் வெளிறிப்போன ஒரு சாம்பல். எங்கள் வீட்டில் இருந்தது பார்க்க அழகான இடம். இது ஆட்கள் வேலை செய்து களைத்துப்போகிற இடம். துணித் தொட்டியில் கை விட்டவளுக்கு இதைத்தான் இன்னும் பிடித்திருக்கும்.

அப்பா மூன்று பேரைக் கடந்தார். நாலாவது ஆளிடம் வந்தார். அங்கே நிற்பார் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கண்ணாடி தன்போக்கில் நகர்ந்தது. எங்கள் வீட்டுச் சட்டம் வர வேண்டிய இடத்தில் அது நின்றது. பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. பிறகு அப்பா கண்ணிலிருந்து அதை எடுத்துவிட்டு, காவலர் கேட்காமலேயே, நாலு அடி பின்னால் வந்தார். அவர் ஒரு படத்தைத் தள்ளி நின்று பார்த்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அறுக்காத புல்லின் விளிம்பில் ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பில் ஒரு கூஜா. இன்னொரு கையை அவனை நோக்கி நீட்டித் தூக்கியிருக்கிறாள். வாய் திறந்திருக்கிறது. கூப்பிடுகிறாள்.

அப்பா திரும்பவும் கிட்டே போய்க் கண்ணாடியை வைத்து அவளையே வெகுநேரம் பார்த்தார். எனக்குப் படத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். சலவைச் சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது.

“மூஞ்சியே இல்ல” என்றார். “நாலு தடவ பிரஷ்ஷ வெச்சிருக்கான். அவ்வளவுதான். ஆனா கூப்பிடுறா.”

அறையின் நடுவில் இருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். அங்கே உட்கார்ந்துதான் சொன்னார். படம் அகலம், காலண்டர் உயரம். எங்கேயாவது வெட்டியாக வேண்டும். இடப்பக்கம் மரமும் வண்டியும் இருந்தன. வலப்பக்கம் புல்தான் என்று அங்கே வெட்டினாராம். விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் நாலு நிறத்துக்கும் நாலு ஃபிலிமை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொருத்துவதுதான் அவர் வேலை. ஒரு நூல் பிசகினாலும் ஒரு முகத்துக்கு இரண்டு மூக்கு விழும். அந்த வேலையில் படம் என்ன என்று யாரும் பார்ப்பதில்லை, பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வெட்டின பிறகு ஓரத்தில் செம்பழுப்பாக ஏதோ ஒரு துணுக்கு துருத்திக்கொண்டு நின்றதாம். ஃபிலிமில் தூசியும் கீறலும் வருவது வழக்கம். அழுக்கு என்று நினைத்து, பிளேடு முனையால் நாலு ஃபிலிமிலும் பதமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார். முதலாளிகூட எவ்வளவு சுத்தமான வேலை என்று பாராட்டினாராம்.

“அது கை பாப்பா. அவளோட கை. நான் சுரண்டி எடுத்துட்டேன்.”

தெரியாமல் நடந்ததுதானே என்றேன். அப்பா தலையை ஆட்டினார். தெரியாமல் வெட்டியதைப் பற்றி அவர் பேசவில்லை என்று எனக்கும் தெரியும். கண் இருந்தவரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாளே, அரை நாள் பயணம்தானே, ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா? கடைசி நாள் என்று மதியத்துக்கு முன்பே மூடுகிற மணி அடித்தது, காவலர் எழுந்து ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். வெளியே கடையில் இந்தப் படத்தின் தபால் அட்டையாவது கிடைக்குமா என்று கேட்டேன். யாரோ ஒரு பிரபுவின் முகமும் ஒரு பழக்கூடையும்தான் இருந்தன.

அன்றைக்கு மதிய ரயிலிலேயே நானும் அவரோடு ஏறினேன். பாதி வழி வரை அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். பிறகு, மழை மேகம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். இத்தனை வருஷம் சொன்ன பொய்தானே, கடைசியாக இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றார். உங்கள் இஷ்டம் அப்பா என்றேன். அப்படிச் சொன்னதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா நாற்காலியில் இருந்தாள். கால் முக்காலி மேல். சித்தி அப்போதுதான் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். அந்த நேரத்தில் பேசக் கூடாது என்கிற சட்டத்தை அம்மாவே உடைத்தாள்.

“என்னத்தப் பாக்குறான்?”

அப்பா செருப்பைக் கழற்றினார். பையைக் கீழே வைத்தார். பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். இனிமேல் தள்ளிப்போட அவர் கையில் எதுவும் இல்லை.

“ஒரு பொண்ணு நிக்கிறா” என்றார். “கைய நீட்டி அவனக் கூப்பிடுறா.”

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “சொன்னேன்ல” என்றாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். “நம்ம படத்துல ஏன் இல்ல?”

“நான்தான் வெட்டுனேன். அந்த வெளுப்பு... அது வெயில் இல்ல. அவ விரல். அழுக்குன்னு சுரண்டிட்டேன்.”

அம்மா தேநீரைக் குடித்தாள். மெதுவாக, கடைசி மடக்கு வரை. நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். திட்டியிருந்தால் தேவலை. டம்ளரைப் பக்கத்தில் துழாவி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். என்ன வயசு இருக்கும்? இடுப்பில் கூஜாவா, குடமா? புல் அவளுக்கு எதுவரை வருகிறது? கோடை வெயிலாயிற்றே, தலையில் ஏதாவது கட்டியிருக்கிறாளா? அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பச்சையைப் பற்றியும் சொன்னார், தான் கூட்டிவிட்டது என்று. நிழல் காலடியில் கிடப்பதைச் சொன்னபோது அம்மா, “அதான் அவன் அப்படித் தூங்குறான்” என்றாள்.

“செருப்பு போட்டிருக்காளா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அங்கே அவர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாக்கலையே” என்றார்.

“பாத்திருக்கலாம்” என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. அறுத்த புல் குத்துமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தின் கதவை இந்நேரம் பூட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அம்மா எழுந்து, யார் துணையும் கேட்காமல், எதிர்ச் சுவருக்கு நடந்தாள். இடது கையால் கண்ணாடியைத் தொட்டாள். விரல் வானத்திலிருந்து இறங்கி, மரத்தைத் தாண்டி, வண்டியைத் தாண்டி, அரிவாளை ஊன்றி நிற்கிறவன் மேல் போய்ச் சரியாக நின்றது. வலது கையை நீட்டினாள்.

“எங்க நிக்கிறா? காட்டுங்க.”

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணாடி மேல் நகர்த்தி, மரச் சட்டத்தைத் தாண்டி, ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரில் கொண்டுபோய் வைத்தார். அம்மா உள்ளங்கையை விரித்து அங்கே அழுத்திக்கொண்டாள். வெளுத்துச் சுருங்கிய விரல்கள். ஒரு கை அவன் மேல், ஒரு கை சுண்ணாம்பு மேல்.

“இங்கயா?”

அப்பா வேலை மேசையில் குனிகிற மாதிரி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“இல்ல, இரு” என்றார். “ஒரு நூல் மேல.” அவள் கையை அந்த அளவுக்கு மட்டும் நகர்த்தி வைத்தார்.